வயிற்றில் வாயு

வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும், கொழும்புத் தமிழர் இல்லங்களில் அடிக்கடி கேட்கப்படும் முறைப்பாடுகளுள் 'வாய்வு' என்பதும் ஒன்று. வயிறு ஊதினாலும் வாய்வு. விலாவிற் குத்தினாலும் வாய்வு. முதுகு பிடித்தாலும் வாய்வு. நெஞ்சு நொந்தாலும் வாய்வு. ஒரே சொல் இத்தனை நோவுகளுக்கும் பெயராக வழங்குவதனால், மெய்யான வாயு எது, வாயுவெனத் தோன்றும் பிறிதொரு நோய் எது எனப் பிரித்தறிதல் அவசியமாகின்றது.

சித்த மருத்துவமும் ஆயுள்வேதமும் கூறும் வாதம் உடலின் இயக்கம் முழுவதையும் பற்றிய ஒரு தத்துவம். குடலிலே தங்கும் வாயுவோ அளந்தறியத்தக்க ஒரு பொருள். அது எல்லோர் வயிற்றிலும் உண்டு. நலமுள்ள ஒருவர் நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை இலீற்றர் முதல் ஒன்றரை இலீற்றர் வரை வாயுவை வெளியேற்றுகின்றார். 10 முதல் 20 தடவை வரை அது பிரிதல் இயல்பே. அதன் பெரும்பகுதி நைதரசன், காபனீரொட்சைட்டு, ஐதரசன், மெதேன் முதலிய மணமற்ற வாயுக்களாகும். துர்நாற்றம் மிகச் சிறிய அளவிலுள்ள கந்தகச் சேர்வைகளால் உண்டாவது.

இவ்வாயு இரு வழிகளில் வயிற்றை அடைகின்றது. முதலாவது, நாம் விழுங்கும் காற்று. அவசரமாக உண்போரும், உண்ணும்போது ஓயாது பேசுவோரும் உணவுடன் காற்றையும் விழுங்குகின்றனர். வாயுவைத் தணிக்கவெனச் சோடா அருந்துவோர், புதிய வாயுவையே வயிற்றினுட் செலுத்துகின்றனர். அதன்பின் வரும் ஏப்பத்திற் பெரும்பகுதி, அச்சோடா கொணர்ந்த காபனீரொட்சைட்டேயாகும்.

இரண்டாவது, பெருங்குடலிற் பிறக்கும் வாயு. கடலை, பயறு, கௌபி, உளுந்து ஆகியவற்றில் ரபினோசு முதலிய வெல்ல வகைகள் உள. அவற்றைப் பிரிக்கவல்ல நொதியம் மனிதரின் சிறுகுடலில் இல்லை. சமிபாடடையாத அவ்வெல்லம் பெருங்குடலை அடைந்ததும், அங்கு வாழும் பற்றீரியாக்கள் அதனைப் புளிக்கச் செய்கின்றன. நவராத்திரிக் காலத்துக் கடலையும், காலி முகத்திடலில் மாலையில் உண்ணும் வடையும் இரவிலே வயிற்றை ஊதச் செய்வதன் காரணம் இதுவே. பாலிலுள்ள இலற்றோசைப் பிரிக்கும் நொதியமும் குழந்தைப் பருவங் கடந்தபின் பலருக்குக் குறைந்துவிடுகின்றது. நாளுக்கு மூன்று நான்கு தடவை பால்மாத் தேநீர் அருந்துவோர் இதனைக் கவனித்தல் வேண்டும். பால் ஒவ்வாதோர் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். தயிராகும்போதே இலற்றோசின் ஒரு பகுதி மாறிவிடுவதே அதற்குக் காரணம்.

பரிகாரம் பெரும்பாலும் அடுக்களையிலேயே உண்டு. கடலையையும் கௌபியையும் இரவு முழுவதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் நன்கு அவித்தால், வாயுவை விளைக்கும் வெல்லத்தின் ஒரு பகுதி நீங்கும். வேர்க்கொம்பு அவித்த நீர் சிலருக்கு இதமளிக்கும். உள்ளி வாயுவைப் போக்கும் என்பது பரவலான நம்பிக்கை; ஆயினும் உள்ளியிலும் வெங்காயத்திலும் கோதுமைப் பாணிலும் உள்ள ஒருவகை மாச்சத்தும் குடலிற் புளிப்பதேயாகும். ஆகவே, எவ்வுணவு தமக்கு ஒவ்வாது என்பதை இரண்டொரு வாரம் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து அறிதல் நன்று. பருப்பு வகையை முற்றாக விலக்குதல் தகாது. மரக்கறி உண்போருக்குப் புரதம் அளிப்பது அதுவே. மலச்சிக்கலைத் தவிர்த்தலும், உண்டபின் சிறிது உலாவுதலும் வாயு எளிதிற் பிரிய உதவும்.

இத்தகைய எளிய வழிகளால் நீங்காத வயிற்றூதலை வைத்தியரிடம் காட்டல் வேண்டும். உடல் மெலிதல், மலத்துடன் இரத்தம் போதல், நாட்பட்ட வயிற்றோட்டம் ஆகியன உடனிருப்பின் தாமதித்தல் கூடாது. பெண்களுக்கு இடைவிடாது நீடிக்கும் வயிற்றூதல் சிலவேளை சூலக நோயின் அறிகுறியாகவும் இருத்தல் கூடும்.

இவை யாவற்றினும் முக்கியமானது நெஞ்சுவலி. மாரடைப்பின் தொடக்கம் பலருக்கு நெஞ்செரிவு போலவும், மேல்வயிற்றில் ஓர் இறுக்கம் போலவும் தோன்றும். நீரிழிவு உள்ளோருக்கு வலி மிகச் சிறிதாகவும் இருக்கலாம். 'வாய்வுக் குத்துத்தானே' என்று இஞ்சிச் சாறு குடித்துப் படுத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசை மேலும் பழுதடைகின்றது. ஏப்பம் வந்ததும் சற்றே சுகம் தோன்றினாலும், அதுகொண்டு இருதயத்தில் நோயில்லை எனத் துணிதல் தவறு. வலி கைக்கோ தாடைக்கோ பரவினும், வியர்வையோ மூச்சுத் திணறலோ கூடினும், உடனே 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தல் வேண்டும். 2016 ஆம் ஆண்டில் இலங்கையில் தொடங்கப்பட்ட 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை கட்டணமின்றி நோயாளியை வைத்தியசாலை சேர்க்கும். அங்கு இருதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்வதற்குச் சில நிமிடங்களே செல்லும். தேவையாயின் இரத்தப் பரிசோதனையும் தொடரும்.

பரிசோதித்தபின் வாயுவென அறியப்பட்டால், வீண் சிரமமன்றி நட்டம் எதுவுமில்லை. பரிசோதியாமலே வாயுவென முடிவு செய்தால், நட்டமாவது உயிராகவும் இருக்கலாம்.