சொல்லில் பெரிய எழுத்து எது?

ஒரு சொல்லிலுள்ள எழுத்துக்களுள் வரிசையில் முந்தியது எது, பிந்தியது எது என்று வினவினால், தமிழ் மாணவன் நெடுங்கணக்கை எண்ணி விடை கூறுவான். அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் அவ்வரிசையைத் தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே சுட்டுகிறது. அதே வினாவை ஜாவா என்னும் கணினி மொழியிடம் கேட்டால், விடை மாறி வருகிறது. அதன் காரணத்தை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நலம்.

ஜாவா, 1995ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட மொழி. அதில் எழுத்துக்களின் கோவைக்குச் சரம் என்று பெயர். சரத்திலுள்ள ஒவ்வொரு குறிக்கும் 0 முதல் 65,535 வரையில் ஓர் எண் உண்டு. சிறிய எண்ணுடையது சிறிய எழுத்து. பெரிய எண்ணுடையது பெரிய எழுத்து.

தேடும் முறை எளிது. முதற் குறியையே பெரியதாகக் கொள்க. அடுத்ததை அதனோடு ஒப்பிடுக. அடுத்தது பெரிதாயின், முன்னதை விடுத்து அதனைக் கொள்க. ஈறுவரை சென்றபின் எஞ்சுவதே விடை. சிறியதைக் காண்பதற்கும் இதுவே வழி. வெற்றுச் சரத்திற்கு முதற் குறியே இல்லை. ஆதலின் அதனை முன்னரே விலக்குதல் வேண்டும்.

'தென்றல்' என்னும் சொல்லைக் காண்போம். தமிழ்க் கணக்கில் இதற்கு எழுத்து நான்கு. ஜாவாவுக்கோ குறி ஏழு. த 2980, எகரக் குறி 3014, ன 2985, புள்ளி 3021, ற 2993, ல 2994, மீண்டும் புள்ளி 3021. ஆகவே சிறியது தகரம், பெரியது புள்ளி! புள்ளியையும் உயிர்க்குறியையும் நீக்கினால் லகரம் பெரியது என்று விடை வரும். நெடுங்கணக்கிலோ லகரத்திற்குப் பின் றகரமும், அதற்கும் பின் னகரமும் நிற்கின்றன.

இம்முரண் எவ்வாறு வந்தது? 1991இல் முதற்பதிப்பு கண்ட யூனிகோடு, தமிழுக்கு 1988ஆம் ஆண்டின் இந்தியத் தரக்குறியீட்டு அமைப்பைத் தழுவியது. அதில் இந்திய மொழிகளின் எழுத்துக்கள் ஒன்றற்கொன்று நேராக வைக்கப்பட்டன. அதனால் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் அமர்ந்தன.

இதன் விளைவு வகுப்புப் பதிவேட்டிலும் தெரியும். கமலா, கலைவாணி, கனிமொழி என்பதே அகரவரிசை. எண்ணை மட்டும் நம்பினால் கனிமொழி, கமலா, கலைவாணி என்று பட்டியல் அமையும்.

தீர்வு கடினமன்று. பதினெட்டு மெய்களையும் நெடுங்கணக்கு முறையில், புள்ளியின்றி, ஒரு தனிச் சரமாக எழுதி வைக்க வேண்டும். ககரத்தின் இடம் 0. னகரத்தின் இடம் 17. குறியெண்ணை விடுத்து இவ்விட எண்ணை ஒப்பிட்டால், 'தென்றல்' என்பதில் பெரிய மெய் னகரம் என்ற விடை கிடைக்கும். சரத்தில் இல்லாத குறிக்கு ஜாவா -1 என்று இடங்கூறும். அதனைத் தள்ளிவிடாவிட்டால் சிறிய எழுத்து பிழையாகும்.

கணினி தனக்குத் தந்த எண்ணை மட்டுமே அறியும். தமிழின் வரிசையை அதற்குக் கற்பிப்பது தமிழறிந்தார் கடமை.