மெருகும் மாற்றமும்

ஒருவர் இயற்றிய உருப்படியைப் பிறர் எடுத்துச் சங்கதிகள் சேர்த்தோ, மெட்டை மாற்றியோ, பல வாத்தியங்களுக்கென வகுத்தோ அளிக்கும்போது அது மூலத்தினும் சிறப்புறுகின்றதா? ஜனக்புரியில் கச்சேரி கேட்டு இல்லந் திரும்பும் அன்பர்களிடையே இவ்வினா அடிக்கடி எழுவதுண்டு. மூலத்தைத் தொடுவதே பிழை என்பர் ஒரு சாரார். காலத்திற்கேற்ற கோலம் வேண்டுமென்பர் மற்றொரு சாரார். இருவருடனும் நாம் முழுமையாக உடன்படுவதற்கில்லை.

முத்துஸ்வாமி தீட்சிதரின் ஹம்ஸத்வனிக் கிருதியாகிய 'வாதாபி கணபதிம்' யாவரும் அறிந்ததே. சுப்பராம தீட்சிதர் 1904-ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் காணப்படும் அதன் வடிவம் அடக்கமானது, சங்கதிகள் குறைவு. இன்று மேடைகளில் அடுக்கடுக்காக எழும் சங்கதிகள் மகாவைத்தியநாத ஐயர் (1844–1893) சேர்த்தவை என்பது வித்வான்களின் வழக்கு. ராகமும் தாளமும் சாகித்தியமும் மாறவில்லை. ஒரே அடி மேன்மேலும் விரிகின்றது. கச்சேரி களைகட்டுவதற்கு இவ்வடிவம் பெரிதும் உதவுகின்றது என்பதில் ஐயமில்லை. எனினும், தீட்சிதரின் நிதானம் அதிற் சற்றே குறைந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விறுவிறுப்பை விரும்புவோருக்கு அது குறையாகத் தோன்றாது, நமக்குத் தோன்றுகின்றது.

அருணாசலக் கவிராயரின் 'இராம நாடக'த்தின் நிலை வேறு. கவிராயர் சாகித்தியத்தை இயற்றினார்; மெட்டமைத்தவர்கள் சட்டநாதபுரம் கோதண்டராமையரும் வெங்கடராமையரும். ஆகவே, ஆதியிலேயே அது இரு கைகள் பட்ட பண்டம். பழைய மெட்டுகள் பல வழக்கொழிந்த பின், வித்வான்கள் புதிதாய் அமைத்துப் பாடியிராவிடில், அக்கீர்த்தனைகள் ஏட்டோடு நின்றிருக்கும். இங்கே மாற்றம் பாட்டுக்கு உயிரளித்தது.

நம்மை அதிகம் சிந்திக்க வைப்பது பாரதியாரின் 'சின்னஞ்சிறு கிளியே'. 'கண்ணன் பாட்டு' நூலில் அதற்குப் பைரவி ராகமும் ரூபக தாளமும் குறித்து, ஸ்வர வரிசையையும் கவிஞர் தந்துள்ளார். அதனை மாதிரியாகக் கொண்டு அவரவர் மனோபாவத்திற்கேற்ப மாற்றிப் பாடலாம் என்ற இசைவும் அங்கேயே உண்டு! தமது மெட்டின்மீது இத்துணைப் பற்றற்றிருந்த வாக்கேயக்காரர் அரியர். 1951-இல் வெளிவந்த 'மணமகள்' படத்தில் சி. ஆர். சுப்பராமன் அப்பாடலைக் காபியில் தொடங்கும் ராகமாலிகையாக அமைத்தார், எம். எல். வசந்தகுமாரியும் வி. என். சுந்தரமும் பாடினர். அது பின்னர்க் கச்சேரி மேடையிலும் இடம்பெற்றது. குழந்தையைக் கொஞ்சும் தாயின் மனம் கணந்தோறும் மாறுவதற்கு ராகமாலிகை மிகப் பொருத்தம். மூலத்தினும் சிறந்தது என்று ஓர் அன்பர் வாதிட்டால் நாம் மறுக்க மாட்டோம்.

வாத்தியங்களுக்கு வகுப்பதற்கு இத்தலைநகரமே சான்று. அகில இந்திய வானொலி 1952-இல் இங்கே 'வாத்திய விருந்தா'வைத் தொடங்கிற்று. ரவிசங்கரும், நம்மவரான வயலின் வித்வான் டி. கே. ஜயராம ஐயரும் அதனை நடத்தினர். அரிய முயற்சிதான். ஆயினும், கமகம் தனி விரலிலும் தனிக் குரலிலும் பிறப்பது. பலர் ஒருங்கே வாசிக்க வேண்டுமெனில் அசைவுகளை முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். தோடியும் பைரவியும் அதற்கு எளிதில் இணங்குவதில்லை. ஹம்ஸத்வனி ஓரளவு இணங்கும்.

நம் கவலை வேறொன்று. சென்னையில் ஒரு குழந்தை புதிய வடிவத்தைக் கேட்டாலும், பழைய பாடாந்தரமுள்ள பாட்டி அடுத்த தெருவில் இருக்கக்கூடும். தில்லியில் வளரும் நம் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஒரே வடிவந்தான் கைக்கெட்டுகின்றது. அதையே மூலமென எண்ணி வளர்கின்றனர். பைரவியில் பாரதியார் பாடிக் காட்டியதொன்று உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியாது.

டிசம்பர் 11 பாரதியார் பிறந்த நாள். அன்று நம் சிறுமியர் ராகமாலிகையையே பாடட்டும். அதற்குமுன் ஒரு சரணத்தையேனும் பைரவியில் பாடச் செய்யுமாறு பாட்டாசிரியைகளை வேண்டுகின்றோம். ஸ்வரக் குறிப்பு அப்பாடலின் தலைப்பிலேயே அச்சாகியுள்ளது.