வடிவம் மாறாது இடம் மாறுதல்

எகிப்து நாட்டின் தென்கோடியில், நைல் ஆற்றின் மேலைக் கரையில், அபு சிம்பல் என்னும் இடத்தே பாறையைக் குடைந்து அமைத்த கோயில்கள் இரண்டு இருந்தன. கி. மு. 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராம்சேசு என்னும் மன்னன் எடுப்பித்தவை அவை. பெரிய கோயிலின் முகப்பில் ஏறத்தாழ 20 மீட்டர் உயரமுள்ள அம்மன்னனின் உருவங்கள் நான்கு அமைந்திருந்தன. ஆசுவானில் 1960இல் பேரணை கட்டத் தொடங்கியபோது, தேங்கும் நீரில் இவை மூழ்கிவிடும் என்னும் அச்சம் எழுந்தது. பல நாட்டாரும் துணைபுரிய, 1964 முதல் 1968 வரை கோயில்கள் 1,000க்கு மேற்பட்ட கற்களாக அறுக்கப்பெற்று, ஏறத்தாழ 65 மீட்டர் மேலாகவும் 200 மீட்டர் உள்ளாகவும் கொண்டுசென்று மீண்டும் பொருத்தப்பெற்றன.

அறுத்தவர் திறமும் தூக்கிய பொறிகளின் வலிமையும் ஒருபுறம் இருக்க, இப்பணியின் அடியில் கிடந்த கணக்கு மிக எளியது. ஆற்றிலிருந்து உள்நோக்கிச் செல்லும் தொலைவைக் கிடையச்சாகவும், உயரத்தைக் குத்தச்சாகவும் கொண்டால், கோயிலின் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு எண்கள் உரியவாகும். முதல் எண்ணோடு 200ஐயும், இரண்டாம் எண்ணோடு 65ஐயும் கூட்ட, அப்புள்ளியின் புதிய இடம் கிடைத்துவிடும். எல்லாப் புள்ளிகளுக்கும் கூட்டும் அளவு ஒன்றே. இதனைக் கணித நூலார் இடப்பெயர்வு என்பர். இடத்தை எண்களால் குறிக்கும் இம்முறை, பிரெஞ்சு அறிஞர் தேக்கார்த்து 1637இல் வெளியிட்ட வடிவகணித நூலால் பரவியதாகும்.

இதனைக் கட்டத்தாளில் வரைந்து காண்க. (1, 2), (4, 2), (1, 6) என்பன ஒரு முக்கோணத்தின் முனைகள். அதன் பக்கங்கள் 3, 4, 5 அலகுகள். முக்கோணத்தை வலப்புறம் 5 அலகும் கீழே 3 அலகும் நகர்த்துக. முதல் எண்ணோடு 5 கூட்டி, இரண்டாம் எண்ணில் 3 கழிக்க, முனைகள் (6, -1), (9, -1), (6, 3) ஆகும். பக்கங்களை மீண்டும் அளந்தால் அவையே 3, 4, 5. வியப்பொன்றும் இல்லை. நீளம் என்பது இரு முனைகளின் எண்களுக்கிடையே உள்ள வேறுபாட்டால் அமைவது. இரண்டோடும் ஒரே எண்ணைக் கூட்டினால் வேறுபாடு எங்ஙனம் மாறும்? முன்பு கீழே இறக்கிப் பின்பு வலப்புறம் தள்ளினும் விடை இதுவே. மாணவர் சிலர் இரண்டு முனைகளை நகர்த்திவிட்டு மூன்றாவதை மறந்துவிடுவர். அப்பொழுது தாளில் தோன்றுவது வேறொரு முக்கோணம்.

அபு சிம்பலில் எதனையும் மறக்கவில்லை. நான்கு உருவங்களுள் ஒன்றன் தலையும் மார்பும் பண்டே உடைந்து காலடியில் வீழ்ந்திருந்தன. அத்துண்டுகளும் வீழ்ந்து கிடந்த நிலையிலேயே புதிய இடத்தில் வைக்கப்பெற்றன.

நகர்த்துதல் வேறு, திருப்புதல் வேறு. இடப்பெயர்வில் திசை மாறுவதில்லை. ஆண்டில் இருமுறை, பிப்ரவரியிலும் அக்டோபரிலும், காலைக் கதிரொளி கிழக்கு வாயில் வழியே நுழைந்து கருவறைச் சிலைகளின்மேல் படுமாறு பண்டையோர் அக்கோயிலை அமைத்திருந்தனர். மீண்டும் பொருத்துங்கால் சற்றே திருப்பி வைத்திருப்பின், அந்நாள்களில் ஒளி கருவறையை எய்தாது பக்கச் சுவரில் பட்டு நின்றிருக்கும். இன்றும் அவ்விரு திங்களிலும் கதிரொளி உள்ளே சென்று சிலைகளை எய்துகின்றது.