‘நிரந்தரம்’: ஒரு சொல்லின் எல்லை

‘நிரந்தர வேலை’ என்கிறோம். ஓய்வு பெறும் நாளோடு அது முடிகிறது. ‘நிரந்தர முகவரி’ என எழுதித் தருகிறோம். வீடு மாறியதும் அதுவும் மாறுகிறது. வடமொழியில் இச்சொல்லின் மூலப்பொருள் ‘இடைவெளியற்றது’ என்பதே. ‘முடிவற்றது’ என்பது வழக்கில் வந்து சேர்ந்தது.

அரபியிலும் இந்நெகிழ்ச்சி உண்டு. திருக்குர்ஆனின் ‘குலூத்’ என்னும் சொல்லைத் தமிழாக்கங்கள் ‘நிரந்தரம்’, ‘என்றென்றும்’ எனப் பெயர்க்கின்றன. ஆயின் அரபியர் அடுப்புக் கற்களையும் ‘கவாலித்’ என்றனர். அவை அழியாதவை என்பதனால் அன்று, நெடுநாள் கிடப்பதனாலேயே என்று இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானி தம் ‘முஃப்ரதாத்’ நூலில் விளக்குகிறார். ‘அபத்’ என்பதையோ, கூறுபடாது நீளும் காலம் என்கிறார். மறுமையைக் கூறும் வசனங்கள் சிலவற்றில் இவ்விரு சொற்களும் இணைந்தே வருகின்றன.

அந்த ‘அபத்’ மனிதன் வாயிலும் வருகிறது. ‘அல்கஹ்ஃபு’ அத்தியாயத்தில் (18:35) தோட்டக்காரன் ஒருவன், தன் தோட்டம் ஒருபோதும் அழியுமெனத் தான் எண்ணவில்லை என்கிறான். ஏழு வசனங்கள் கழித்து அது அழிந்து கிடக்கிறது.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு இது தொலைவான கதையன்று. மேட்டூர் அணை 1934இல் எழுந்தது. அதன் கால்வாய்கள் நம் வயல்களை நனைக்கின்றன. காவிரியை ‘வற்றாத நதி’ என்றோம். 2016இல் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகம் வறட்சி பாதித்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

‘நிரந்தரம்’ என்று சொல்வதில் தவறில்லை. நம் கையில் உள்ளவை நீடிப்பவையே. முடிவின்மை அல்லாஹ் அருள்வது. இவ்வேறுபாட்டை அறிந்து அச்சொல்லை ஆள்வோமாக.