புழுப் பெட்டி நாறுதா? ஸ்பிரே அடிக்காதீங்க!

தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. இந்த விஷயத்தில் ஜப்பான் பிள்ளைகள் நமக்கு அண்ணன்மார்! 'கபுத்தோமுஷி' என்ற கொம்பு வண்டை அவர்கள் முட்டையிலிருந்தே வீட்டில் வளர்க்கிறார்கள். (கபுத்தோ = போர்வீரனின் தலைக்கவசம், முஷி = பூச்சி.) நம்மூர் எருக்குழியைக் கிளறினால் வெள்ளையாகச் சுருண்டு கிடக்குமே, காண்டாமிருக வண்டின் புழு, அதற்கு இது சொந்தக்காரன்தான்.

கோடையின் கடைசியில் பொரிக்கும் புழு, அடுத்த ஆண்டு மே, ஜூன் வரை பெட்டிக்குள் மக்கிய மரத்தூளைத் தின்று வளரும். அத்தனை மாதமும் பெட்டி வீட்டுக்குள்ளேயே இருக்கணும். நாறினால் அம்மா சும்மா விடுவாங்களா?

நாற்றம் ஏன் வருது?
நன்றாக மக்கிய தூள் மழை பெய்த மண் போலத்தான் மணக்கும். தண்ணீர் அதிகமானால் தூளுக்குள் காற்றுப் போகாது. காற்று இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி, அழுகல் வாடை கிளம்பும். அதே காற்றை நம்பித்தான் புழுவும் உள்ளே இருக்கிறது. ஆகவே, நாற்றம் வந்தால் புழுவுக்கு ஆபத்து என்று அர்த்தம். சென்ட் அடித்து அதை மறைத்தால், ஆபத்தும் நமக்குத் தெரியாமல் போய்விடும்.

எவை கூடாது?
புழு மூக்கால் மூச்சு விடுவதில்லை. உடம்பின் ஒவ்வொரு பக்கமும் 9 மூச்சுத் துளைகள் உண்டு. கொசுவர்த்தி, கொசு லிக்விட், பூச்சி ஸ்பிரே ஆகியவற்றில் உள்ள மருந்து பூச்சிகளின் நரம்பைத் தாக்கும். கொசு எது, செல்ல வண்டு எது என்று அதுக்குத் தெரியாது! (கொசுவர்த்திச் சுருள் 1902-இல் முதன்முதலில் விற்பனைக்கு வந்ததும் ஜப்பானில்தான்.) அந்துருண்டையும் கூடாது. அதன் ஆவி பூச்சிக்கு விஷம், நமக்கும் கெடுதல்.

என்ன செய்யணும்?
1. தூளைக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நிற்கணும், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் பேப்பரில் பரப்பி நிழலில் உலர்த்தணும்.
2. மேலே கறுப்புப் புழுக்கை நிறைந்துவிட்டால், சலித்து எடுத்துவிட்டுப் புதுத் தூள் போடணும். பழைய தூளும் கொஞ்சம் கலக்கணும்.
3. மூடிக்கு அடியில் ஊசியால் துளையிட்ட தாள் வைத்தால் சின்ன ஈ நுழையாது, காற்று நுழையும்.
4. கரித்துண்டுகளைத் துணிப்பையில் கட்டிப் பெட்டியின் பக்கத்தில் வைக்கலாம். கரி வாடையை இழுத்துக்கொள்ளும். ஜன்னலையும் திறந்து வையுங்கள்.
5. கூட்டுப்புழு ஆனபின் கிளறவே கூடாது. அதன் அறை உடைந்தால் வண்டு கோணலாகப் பிறக்கலாம்.
6. பெட்டியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவணும்.

யோசிங்க: நம் வீட்டில் காரணத்தைத் தேடாமல் ஊதுபத்தி கொளுத்தி மறைக்கும் நாற்றங்கள் எத்தனை?