குளோராக்ஸ் வாடையும் பல்லின் வேரும்

வேர்ச் சிகிச்சைக்காகப் பல் கிளினிக் நாற்காலியில் சாய்ந்திருக்கிறீர்கள். திடீரென்று துணி வெளுக்கும் குளோராக்ஸ் வாடை! பயப்படாதீர்கள். மருத்துவர் சிரிஞ்சில் எடுத்திருப்பது அதன் உறவுக்காரன்தான். பெயர் சோடியம் ஹைப்போகுளோரைட்.

‘ரூட் கேனல்’ என்றதும் துளைக்கும் மிஷின் சத்தம்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் பல்லைக் காப்பாற்றுவதில் பெரும் பங்கு இந்தக் கழுவலுக்குத்தான். வேர்க்குழாய் நேரான குழாய் இல்லை. வளையும், தட்டையாகும், கிளை விடும். மேல் கடைவாய்ப் பல்லில் நான்கு குழாய்கள்கூட இருக்கும். ‘ஃபைல்’ என்னும் மெல்லிய அரத்தால் எவ்வளவு சுரண்டினாலும், சுவரில் குறைந்தது 35 விழுக்காடு தொடப்படாமலே கிடக்கிறது என்று 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அங்கே ஒளிந்திருக்கும் கிருமியை எட்டிப் பிடிக்கக் கூடியது திரவம் மட்டுமே.

இந்தத் திரவத்துக்கு ஒரு போர்க்களக் கதையும் உண்டு. முதல் உலகப் போர் நடந்த 1915-ஆம் ஆண்டு. பென்சிலின் வராத காலம். பிரான்சில் சீழ் பிடித்த காயங்களோடு சிப்பாய்கள் குவிந்தார்கள். ஹென்றி டேக்கின் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் சுமார் 0.5 விழுக்காடு ஹைப்போகுளோரைட் கரைசலைத் தயாரித்தார். அலெக்சிஸ் கேரல் என்ற அறுவை மருத்துவர் அதைக் காயங்களுக்குள் விட்டு விட்டுப் பாய்ச்சினார். பிற்பாடு பல் மருத்துவர்களும் அதைக் கையில் எடுத்தார்கள். கிருமியைக் கொல்வதோடு, செத்த நரம்புத் தசையையும் அது கரைத்துவிடும்.

சுரண்டும்போது சுவரில் மாவுபோல் படியும் பல் தூளை மட்டும் அதனால் அகற்ற முடியாது. அதற்கு இ.டி.டி.ஏ. என்ற இன்னொரு கரைசல், வழக்கமாக 17 விழுக்காட்டில்.

மருந்து கடுமையானது. வேர் நுனியைத் தாண்டி அழுத்தத்தோடு வெளியேறினால் அந்த நொடியே கடும் வலி, முகம் வீங்கும். அதனால்தான் மருத்துவர் பக்கவாட்டில் துளையுள்ள ஊசியை நுனிக்குச் சற்று மேலேயே நிறுத்தி, மெதுவாகப் பாய்ச்சுகிறார். வாயை மூடும் அந்த ரப்பர் விரிப்பு பலருக்கு எரிச்சல்தான். மூச்சு முட்டுகிறது என்பார்கள். மருந்து தொண்டைக்குப் போகாமலும், எச்சில் பல்லுக்குள் புகாமலும் தடுப்பது அதுதான். “ரப்பர் டேம் போடுவீர்களா, டாக்டர்?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேரித் தீவிலிருந்தோ மோரிப்பிலிருந்தோ ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பந்திங் பட்டணத்துக்கு வருகிறவருக்கு, இரண்டாவது முறையும் வா என்றால் சலிப்பு வரத்தான் செய்யும். அதுவும் வலி நின்ற பிறகு! நரம்பை எடுத்ததும் பல் வலி நின்றுவிடும். கிருமி அப்படியே இருக்கலாம். மேலே வைத்தது தற்காலிக அடைப்பு மட்டுமே. சில வாரங்களில் அது தேய்ந்து எச்சில் உள்ளே இறங்கினால், கழுவிய குழாயில் கிருமி மறுபடி குடியேறும். சில மாதங்கள் கழித்து ஈறில் சின்னதாக ஒரு சீழ்க்கொப்புளம் தெரியும். அது வலிக்காது என்பதால் பலர் கவனிப்பதே இல்லை.