பட்டு எங்கே வாங்கியது? ஜரிகை யார் கொடுத்தது?

காஞ்சீபுரம் சேலைக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

கலியாணம் நிச்சயமானதும் பெண் வீட்டார் முதலில் நினைப்பது காஞ்சீபுரம் பட்டுச் சேலையைத்தான். பல மாதம் சேர்த்த பணம் அந்த ஒரு சேலைக்குப் போய்விடுகிறது. அதில் இருப்பது அசல் பட்டா, அசல் ஜரிகையா என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சேலை நெய்யப்படுவது காஞ்சீபுரத்தில். ஆனால் அதற்கு வேண்டிய சரக்கு எல்லாம் அங்கே கிடைப்பது இல்லை!

பல கை மாறும் சரக்கு

பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்தில் இருந்து வருகிறது. அங்கே ராமநகரத்தில் மிகப் பெரிய பட்டுக்கூடு சந்தை இருக்கிறது. தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலும் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். ஜரிகைக்குப் பேர்போன ஊர் குஜராத்தில் உள்ள சூரத்.

கூடு விற்றவர், நூல் எடுத்தவர், முறுக்கு ஏற்றியவர், சாயம் போட்டவர், ஜரிகை கொடுத்தவர் என்று பல கை மாறித்தான் சரக்கு தறிக்கு வருகிறது. அதில் ஒருவர் கலப்படம் செய்தால் போதும். கெட்ட பெயர் நெசவாளிக்கு!

பசையும் எடையும்

கச்சாப் பட்டில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பசை. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்தால் அது கரைந்து போகும். 1 கிலோ நூல் சுமார் 750 கிராம் ஆகிவிடும். இந்தக் கணக்கு தெரியாதவரை ஏமாற்றுவது சுலபம்.

அதனால்தான் கூட்டுறவுச் சங்கங்களில் பாவு, ஊடை, ஜரிகை மூன்றையும் எடை போட்டு நெசவாளியிடம் கொடுக்கிறார்கள். நெய்து வந்த சேலையையும் எடை பார்க்கிறார்கள்.

ஜரிகையில்தான் சூது!

அசல் ஜரிகையின் உள்ளே இருப்பது சிவப்புப் பட்டு இழை. அதன்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசுவார்கள். போலி ஜரிகையில் வெள்ளிக்குப் பதில் வெறும் செம்பு இருக்கும். அல்லது பிளாஸ்டிக் இழை மினுக்கும்.

நல்ல ஜரிகை கிடைக்கவேண்டும் என்று 1971-ம் ஆண்டில் காஞ்சீபுரத்தில் தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தை அரசாங்கமே தொடங்கியது. அதன் ஜரிகைக்கு ஒரு அளவு உண்டு. 100 பங்கில் வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24, தங்கம் அரைப் பங்கு.

இந்த அளவு சரியா என்று பார்க்க எக்ஸ்ரே கதிர்க் கருவி இருக்கிறது. சேலையை வெட்டாமலே வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சில நிமிடங்களில் காட்டிவிடும்.

மூன்று காவல்கள்

கைத்தறிக்கு உரிய ரகங்களை விசைத்தறியில் நெய்யக்கூடாது என்று 1985-ம் ஆண்டில் சட்டம் வந்தது. கலப்படம் இல்லாத பட்டுக்கு 2004-ம் ஆண்டில் 'சில்க் மார்க்' முத்திரை வந்தது. அடுத்து காஞ்சீபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் 'சில்க் மார்க்' பட்டுக்கு மட்டுமே சாட்சி. ஜரிகைக்கு அல்ல! இது பலருக்குத் தெரியாது.

வாங்குகிறவர் என்ன செய்யலாம்?

கடைக்காரரிடம் ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று கேட்கலாம். அதை ரசீதில் எழுதித் தரச் சொல்லலாம். சேலை ஓரத்தில் தொங்கும் ஒரு பட்டு இழையைக் கொளுத்திப் பார்க்கலாம். அசல் பட்டு தலைமுடி கருகும் வாடை வீசி, பொடியாக உதிரும். போலி இழை உருகிக் கட்டியாகும்.

வாங்குகிறவர் கேட்டால் கடைக்காரர் தமக்குச் சரக்கு கொடுத்தவரைக் கேட்பார். அவர் தமக்குக் கொடுத்தவரைக் கேட்பார். இப்படி எல்லோரும் கேட்க ஆரம்பித்தால், கள்ளச் சரக்குக்குக் காஞ்சீபுரத்தில் இடம் இராது. ராப்பகலாகத் தறியில் உட்காரும் நெசவாளியின் பெயரும் கெடாது!